ஆறு நாற்பத்தேழு

ரெண்டு நிமிஷத்தில் என்ன கிழித்துவிட முடியும்? அடுப்பில் வைத்த ஒரு டம்ளர் தண்ணீர்கூட ஒழுங்காகச் சுடாது. சரவணம்பட்டி ஸ்டாப்பில் டவுன் பஸ் ஏறி, ஜன்னலோரமாக ஒண்டி உட்கார்ந்து, மடியில் பையையும் பையின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டதிலிருந்து வினோதினிக்கு இதே நினைப்புத்தான். காலையில் ஆபீசுக்குப் போகும்போது அவள் ஆயில்யம். சாயங்காலம் திரும்பும்போது மகம். நடுவில் மத்தியானம் ஒரு டப்பா தயிர்சாதம் சாப்பிட்டாள், அவ்வளவுதான் நடந்தது. யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே ஒருதரம் சிரிப்பு வந்து, பக்கத்துச் சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று. ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஊர் சொல்கிறது. மகம் ஜெகத்தை ஆளும் என்று அதே ஊர் அதே வாயால் சொல்கிறது. இரண்டு நட்சத்திரமும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது ஆரம்பம், நடுவில் ஒரு சந்துகூடக் கிடையாது. அந்தப் பொதுச்சுவரை ஒட்டித்தான் இவள் பிறந்து தொலைத்திருக்கிறாள். மாமியார் ருக்குமணியம்மா செத்து ஏழு வருஷம் ஆகிறது. நாளைக்குத் திதி. வாழை இலை வாங்கிக்கொண்டு போக வேண்டும். இலை, மறக்கக் கூடாது, இலை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தவள், கண்டக்டர் வந்து "எங்கம்மா?" என்று கேட்டதற்கு "இலை" என்று சொல்லிவிட்டாள். "சிங்காநல்லூருங்க" என்று திருத்துவதற்குள் அந்த மனுஷன் பொம்பளைகளுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்து, "எல்லாம் வூட்டு நெனப்பு" என்றபடி முன்னால் போய்விட்டார்.

விஷயம் இவ்வளவுதான். அவளுடைய கம்பெனிக்கு ஒரு கல்யாண வெப்சைட்டின் வேலை வந்திருந்தது. முப்பது வருஷத்துக்கும் முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் எழுதிய கம்ப்யூட்டர் ஜாதகப் புரோகிராமைப் புது மொழியில் மாற்றி எழுத வேண்டும். பஞ்சாங்க வாய்ப்பாடு அதே, கணக்கு அதே. பழசு என்ன விடை சொல்கிறதோ புதுசும் அதையே சொல்ல வேண்டும். மத்தியானம் அஸ்வந்த், அவளோடு வேலை பார்க்கிற பையன், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, "அக்கா, ஒதைக்குதுக்கா" என்றான். "பழசுக்கும் புதுசுக்கும் சேரலை. அதுவும் எண்பத்தொம்பது கடைசில இருந்து பொறந்தவங்களுக்குத்தான் நெறையா ஒதைக்குது. அதுக்கு முன்னாடி பொறந்தவங்க பரவால்ல." எங்கே காட்டு என்று இவள் கீபோர்டை இழுத்தாள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமென்றால் சொந்தப் பெயரை அடிப்பார்கள், தேதி வேண்டுமென்றால் தான் பிறந்த தேதி. யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகப் போகும். வினோதினியின் விரலும் போயிற்று. தொண்ணூற்று மூன்று, மார்கழி மாசத்து ஒரு காலை, ஆறு நாற்பத்தேழு. பழைய புரோகிராம், ஆயில்யம் நாலாம் பாதம் என்றது. தெரிந்ததுதானே. புதுசு, மகம் முதல் பாதம் என்றது. "பாத்தீங்களாக்கா, ஒங்களுக்கே ஒதைக்குது" என்று அஸ்வந்த் சிரித்தான். இவள் தண்ணீர் குடிக்க எழுந்து போய், குடிக்காமல் திரும்பி வந்தாள்.

புதுசில் தப்பு இருக்கும் என்றுதான் முதலில் தேடினாள். மூன்று மணி நேரம் தேடினாள். தப்பு பழசில் இருந்தது. அந்தக் காலத்துப் புண்ணியவான், ஆயிரத்துத் தொள்ளாயிரமாவது வருஷத்து முதல் தேதியிலிருந்து எத்தனையாவது நாள் என்று ஒரு எண்ணாக வைத்து, பிறந்த நேரத்தைப் புள்ளிக்குப் பின்னால் ஒட்டி, இரண்டையும் சேர்த்து ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டிருந்தார். ஃப்ளோட் என்று பெயர். மெமரி விலை கொள்ளையாக இருந்த காலம், பெட்டியைச் சின்னதாக வைத்தது அவர் குற்றம் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் இவ்வளவுதான் நிற்கும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. நாள் எண்ணிக்கை பெருக்கப் பெருக்கப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதற்கு இடம் குறையும். இதோ இந்த பஸ்ஸில் ஒரு ஆள் பெரிய மூட்டையோடு ஏறினால் கைப்பிள்ளைக்காரி நசுங்கி நிற்பாளே, அந்த மாதிரி. எண்பத்தொன்பது புரட்டாசியில் நாள் எண்ணிக்கை ஒரு எல்லையைத் தாண்டியது. அதற்கப்புறம் நிமிஷத்தை நிமிஷமாக வைத்துக்கொள்ளப் பெட்டிக்கு வக்கில்லை. ஐந்தரை நிமிஷத்துக்கு ஒரு படி. நடுவில் பிறந்தவர்களை எந்தப் படி கிட்டமோ அதில் தள்ளி உட்காரவைத்துவிடும். யாரையும் கேட்காது, பிழை என்று ஒரு வரி காட்டாது, வாயைத் திறக்காது. ஆறு நாற்பத்தேழில் பிறந்தவளை ஆறே முக்காலில் உட்காரவைத்துவிட்டது. மகம் ஆரம்பித்தது ஆறு நாற்பத்தாறுக்கு. காலேஜில் முதல் வருஷம் லேபில் பாயிண்ட் ஒன்றையும் பாயிண்ட் இரண்டையும் கூட்டச் சொன்னபோது, கம்ப்யூட்டர் பாயிண்ட் மூன்றோடு நிற்காமல் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டுக் கடைசியில் ஒரு நாலைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. வகுப்பே சிரித்தது. "அது அப்பிடித்தாம்மா, ஒரு மயிரிழை வித்தியாசம், இதுனால யாரும் சாகப்போறதில்ல" என்று லேப் சாரும் சிரித்தார். அந்த சாரின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும், ஒன்று மூடி இல்லாமல், மை கசிந்து. அந்த நீலக் கறை இப்போது ஏன் ஞாபகம் வர வேண்டும் என்று தெரியவில்லை.

கணபதி வந்தது. பாலம் வேலைக்குத் தோண்டிப்போட்டிருந்ததில் பஸ் நத்தையாக ஊர்ந்தது. மழை வருவேன் வருவேன் என்று பயம் காட்டிக்கொண்டு மேலேயே நின்றது. தப்பைக் கண்டுபிடித்த அந்த நிமிஷம் உடம்பு எப்படி லேசாகிப்போனது என்று வினோதினி திரும்பவும் நினைத்துப் பார்த்தாள். தோளிலிருந்து தண்ணீர்க் குடத்தை யாரோ வாங்கி இறக்கின மாதிரி இருந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அப்புறம்தான் உறைத்தது. இறக்கிவைத்தால் லேசாகிறது என்றால் இத்தனை வருஷமும் தூக்கிக்கொண்டுதானே இருந்திருக்கிறாள்? ஜாதகமெல்லாம் சும்மா என்று ஆபீஸ் கேன்டீனில் வாய் கிழியப் பேசுகிறவள். சாமிக்குக்கூட ஒரு நாள் விளக்கேற்றினால் மூன்று நாள் மறந்துபோகிறவள். அடி கள்ளி, நம்பித்தான் இருந்திருக்கிறாய். நம்பாவிட்டால் செல்போனில் ஆயிரம் ஜாதக ஆப் கிடக்கிறதே, ஒன்றிலாவது உன் நேரத்தைப் போட்டுப் பார்த்தாயா? பார்க்கவில்லை. பார்த்து, அதுவும் ஆயில்யம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயம். வேறு ஏதாவது சொல்லிவிட்டால், வாக்கியம் திருக்கணிதம் என்று ஆளுக்கொரு கணக்கு, நமக்கு வசதியானதைப் பொறுக்குகிறோமோ என்கிற இன்னொரு பயம். இப்போது அந்தச் சாக்கெல்லாம் இல்லை. அதே வாய்ப்பாடு, அதே கணக்கு. பெட்டியை மட்டும் பெரிதாக்கினார்கள், அவள் எழுந்து தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் இல்லை. நான் இல்லை என்றால், அப்புறம். அந்த 'அப்புறம்' வந்த இடத்தில் நினைப்பு ஒவ்வொரு தடவையும் சடக்கென்று நின்று பின்னால் திரும்பிக்கொண்டது.

அப்பா இருந்திருந்தால் அவருக்குத்தான் முதல் போன் போட்டிருப்பாள். மில்லில் டைம் கீப்பர். கேட்டுக்குள் ஒரு நிமிஷம் பிந்தி வந்தால் அரை நாள் போச்சு என்கிற இடத்தில் உட்கார்ந்து முடி நரைத்த மனுஷன். பிரசவ அறை வாசலில் நின்று, குழந்தை அழுத சத்தம் கேட்டதும், குழந்தை ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல் வாட்ச்சைத்தான் பார்த்தாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வாள். காந்திபுரத்தில் அப்போது புதிதாகக் கம்ப்யூட்டர் ஜாதகம் வந்திருந்தது, இதே புண்ணியவானின் புரோகிராம்தான். ஏசி அறை, கண்ணாடிக் கதவு, செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். பிரிண்டர் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக இருக்கிற காகிதத்தைத் துப்பும். அப்பா பெருமையாக அங்கே போய் ஆறு நாற்பத்தேழு என்று சொன்னார். மனுஷன் கையால் போட்டால்தானே தப்பு வரும், மெஷின் போட்டால் எப்படி வரும்? அப்புறம் எத்தனையோ ஜோசியர்கள் அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள். ஒருத்தர்கூடத் திரும்பக் கணிக்கவில்லை. கம்ப்யூட்டரில் போட்டதுங்களா, அப்பச் சரியாத்தான் இருக்கும் என்று கட்டத்துக்குப் போய்விட்டார்கள். மாமியார் செத்த மறுமாசம் அப்பா இவளைப் பார்க்க வந்தார். காப்பியைக் குடிக்காமல் ஆறவிட்டு, "வாட்ச்ச நான் தப்பாப் பாத்திருப்பனோ கண்ணு" என்றார். "அன்னிக்குப் பதட்டத்துல இருந்தேன்." இல்லீங்கப்பா, நீங்க பார்த்தது சரிதான். சரியாகப் பார்த்தது நீங்கள் ஒருத்தர்தான். இதைக் கேட்க அவர் இல்லை. போன வருஷம் போய்விட்டார், அந்தச் சந்தேகத்தோடேயே போய்விட்டார். வினோதினி முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போய், சுடிதார் போட்டிருப்பது ஞாபகம் வந்து, துப்பட்டாவைத் தேடினாள்.

ருக்குமணியம்மா பெண் பார்க்க வந்த நாளில் ஒரே களேபரம். இப்போது புருஷனாக இருக்கிற நவநீதனுடைய அக்கா கோமதி, இவளுக்கு நங்கை முறை, ஜாதகத்தைப் பிரித்ததுமே எழுந்துவிட்டாள். "ஆயில்யம்ங்கறீங்க, எங்கம்மா உசுரோட இருக்கறாங்கல்ல? மாமியா இல்லாத எடமாப் பாருங்க." ருக்குமணியம்மா மகளைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "உக்காரு புள்ள. நட்சத்திரமா வந்து எனக்குச் சோறு பொங்கப் போவுது? என்ற மவனுக்குப் புடிச்சிருக்குது, எனக்கும் புடிச்சிருக்குது. ஏங்கண்ணு, நீ ரசம் நல்லா வெப்பியா?" ஒரு பரிகாரம் மட்டும் வேண்டும் என்று கோமதி பிடிவாதம் பிடித்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் மாமியார் பார்க்கக் கூடாது. மண்டபத்துச் சமையல்கட்டில் சுவரைப் பார்த்து உட்காரவைத்தார்கள். மறுநாள் இவளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த அம்மாள் சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "நான் எட்டிப் பாத்துட்டேன் கண்ணு. என்ற மவன் தாலி கட்டறத நான் பாக்காம வேற எவ பாப்பா? யாருகிட்டயும் சொல்லிப்போடாத." சொல்லவில்லை. ஏழு வருஷமாகச் சொல்லவில்லை. எட்டிப் பார்த்ததனால்தானோ என்று எத்தனை ராத்திரி புரண்டிருக்கிறாள். பரிகாரம் பலிக்காமல் போனது அதனால்தானோ, நான் அன்றைக்கே கோமதி நங்கையிடம் சொல்லியிருந்தால் வேறு பரிகாரம் செய்திருப்பார்களோ. எல்லாம் வீண். அந்த அம்மாள் ஆசை தீரத்தான் பார்த்தாள். அதில் ஒரு பாவமும் இல்லை. இதை நினைத்ததும் ஒரு விநாடி மனசு குளிர்ந்தது. அப்புறம் திரும்பவும் அந்த இடம் வந்தது. நான் இல்லை என்றால், எட்டிப் பார்த்ததும் இல்லை என்றால், அப்புறம்.

காந்திபுரத்தில் பாதி பஸ் காலியாகி, அதைவிட அதிகமாக நிரம்பியது. நவநீதன் போன் செய்தான். "வினோ, எங்க வந்துட்ட? அக்கா வந்தாச்சு. எல பெருசாப் பாத்து வாங்கு, நுனி எல, கிழிஞ்சது வேண்டாம்." குரல் சாதாரணமாக இருந்தது. சரீங்க என்றாள். "ஒடம்பு கிடம்பு செரியில்லியா? கொரலு ஒரு மாதிரி இருக்குது." ஒன்றுமில்லீங்க, பஸ்ஸில் கூட்டம் என்றாள். அவன் நல்லவன்தான். அதில் என்ன சந்தேகம்? ஏழு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், சண்டையில்கூட உன் நட்சத்திரம் என்று அவன் சொன்னதில்லை. கூடத்தில் அம்மாவைக் கிடத்தியிருந்தபோது கோமதி மாரில் அடித்துக்கொண்டு, "ஆயில்யம் வேலையக் காட்டிருச்சே, நான் சொன்னனே, யாரு கேட்டீங்க?" என்று கத்தினாள். அப்போதும் அவன் இவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்கப்புறம் ஒவ்வொரு திதிக்கும் பேரூர் படித்துறைக்குப் போய்விட்டு வந்து வீட்டில் படையல் போடும்போது, கோமதி சமையல்கட்டு நிலைப்படியில் நின்று, "தப்பா நெனச்சுக்காத கண்ணு, அம்மாளுக்குப் படைக்கறத நீ தொட வேண்டாம்" என்பாள். குரலில் கோபம்கூட இருக்காது. அப்போதும் அவன் தரையைத்தான் பார்ப்பான். ராத்திரி இவள் தலையைத் தடவி, "அக்கா பேச்ச மனசுல வெச்சுக்காத" என்பான். எப்பேர்ப்பட்ட மனுஷன், மனசில் இருந்தும் வாயைத் திறந்து என்னைக் குத்தவில்லையே என்று இவள் உருகுவாள். அவன் தரையைப் பார்த்த அந்த முகம் இப்போது பஸ் கண்ணாடியில் வந்து நின்றது. முதல்தடவையாக வினோதினி அதை உருகாமல் பார்த்தாள்.

அப்புறம் என்ன, அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. எவ்வளவு சுற்றினாலும் அங்கேதான் போய் விழ வேண்டும். காலையில் நவநீதன் கறி எடுத்துக்கொண்டு வந்தான். இளங்கறி, நெஞ்செலும்போடு. ருக்குமணியம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி, நெஞ்சை நீவிக்கொண்டாள். "என்னமோ கரிக்குது கண்ணு. இடது கையி வேற இழுக்குது. கொஞ்சம் சுடுதண்ணி குடு." வினோதினி அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் சொன்னாள். "ஏனுங்க, அத்தைக்கு என்னமோ பண்ணுதாம். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாங்களா?" அவன் வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். உள்ளே வந்து பார்த்தான். "கேஸுதான். நேத்துப் பஜ்ஜி தின்னாங்கல்ல? எப்பவும் இதே பாட்டுத்தான். கறி வேகட்டும், சாப்ட்டுட்டுப் பொறுமையாப் போலாம்." கேஸ் மாத்திரையை அவனே உறையிலிருந்து பிதுக்கி எடுத்து, டம்ளரையும் அவனே பிடித்துக் குடிக்க வைத்தான். ருக்குமணியம்மா மகன் கையால் குடித்தாள், போதும் சாமி என்றாள், சுவரோரமாகப் படுத்தாள். குக்கர் சத்தம் போட்டது. கறி வேகிற வாசம் வந்தது. அந்த வாசம் வீடு முழுக்க நிறைந்திருக்கும்போதே அந்த அம்மாள் போய்விட்டாள். வினோதினி இரண்டாவது தடவை ஏன் சொல்லவில்லை? ஒரு தடவை சொன்னாள். புதுசாக வந்தவள், புருஷன் சொன்ன பிறகு எதிர்த்துப் பேசக் கூடாது, பதட்டக்காரி என்பார்கள். ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மிளகாய் அரைக்கப் போனாள். அது அவள் பங்கு, அதை அவள் மறுக்கவில்லை. ஆனால் நட்சத்திரம் என்று ஒன்று நடுவில் இருந்தவரைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமையை யாரும் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. விதி, ஆயில்யம், ஒன்றும் செய்திருக்க முடியாது. குக்கரில் இருந்த கறியைக் கோமதி கொல்லையில் கொட்டினாள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு விட்டவன்தான், நவநீதன் அப்புறம் கறி தொடவில்லை. கல்யாண வீட்டில், கெடாவெட்டில், எங்கே போனாலும் வெறும் சோறும் ரசமும். அம்மா மேல் எவ்வளவு பாசம் பாரு, விரதம் மாதிரி இருக்கிறான் என்று சொந்தக்காரர்கள் வியந்துபோவார்கள். வினோதினியும் அப்படித்தான் நினைத்திருந்தாள். பாசம்தான். இல்லை என்று யார் சொன்னது? ஆனால் பக்கத்து வீட்டில் கறி தாளித்தால் ஜன்னலைச் சாத்துவானே, ஒரு தடவை சாத்த முடியாமல் கொண்டி சிக்கிக்கொண்டபோது வாசலுக்கே எழுந்து போய்விட்டானே, அது பாசமா? அவனுக்குத் தெரியும். ஏழு வருஷமாகத் தெரியும். தெரிந்துகொண்டே இவள் நட்சத்திரத்துக்கு அடியில் வந்து நின்றிருக்கிறான், மழைக்குப் பிறத்தியார் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்குகிற மாதிரி. ஒதுங்கியவன் வீட்டுக்காரியை ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் அவன் நல்லதனம். வினோதினிக்குக் கோபம் கிளம்பியது. எவ்வளவு நாள், எத்தனை நிலைப்படி, எத்தனை தரம் கடைசியில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பாள். நாளைக்கு நான் சமைக்கிறேன். நாளைக்குக் கோமதி நங்கை வாசலில் நிற்கட்டும், நான் போய் அடுப்பைப் பற்றவைக்கிறேன், மகம் முதல் பாதம். இன்றைக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும். அவனுக்கும் கம்ப்யூட்டர் தெரியும், இரண்டு வார்த்தையில் புரியும். பயமாக இருந்தது. சிங்காநல்லூர் வந்துவிட்டது, கண்டக்டர் "ஏம்மா எல, எறங்கு" என்று சத்தம் போட்டார். இறங்கும்போது மழை ஒருவழியாகப் பெய்ய ஆரம்பித்தது. இலைக்கார அம்மாள் சாக்கைப் போர்த்திக்கொண்டு, இருந்ததில் பெரிதாக இருந்த நுனி இலைகளைச் சுருட்டி நாரால் கட்டிக் கொடுத்தாள். வினோதினி இலைக்கட்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்தாள்.

கோமதி கடைக்குப் போயிருந்தாள். நவநீதன் கூடத்தில் ஸ்டூல் மேல் நின்று அம்மாவின் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியில் வாயால் ஊதி, துணியால் வட்டமாகத் துடைத்தான். "நனஞ்சு வந்துட்டயா? தலையத் தொவட்டு மொதல்ல." வினோதினி தலையைத் துவட்டவில்லை. இலைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள். "ஏனுங்க, நான் ஆயில்யம் இல்லீங்க. மகம்." அவன் துணியோடு திரும்பினான். ஆபீஸில் நடந்ததைச் சொன்னாள். சின்னப் பெட்டி, ஃப்ளோட், எண்பத்தொன்பது, ஆறே முக்கால். வேகமாகச் சொன்னாள், எங்கே நிறுத்தினால் திரும்ப ஆரம்பிக்க முடியாதோ என்று. அவனுக்குப் பாதியிலேயே புரிந்துவிட்டது, புரிந்தது முகத்தில் தெரிந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கினான். அதிலேயே உட்கார்ந்தான். "அப்ப" என்றான். ஈரத்துணியைப் பிடித்திருந்த விரல்கள் ஒன்றோடொன்று உரசிப் பிதுக்கிக்கொண்டிருந்தன, உறையிலிருந்து மாத்திரையைப் பிதுக்குகிற மாதிரி. அவனுக்கே அது தெரியவில்லை. "அப்ப, அம்மா அன்னிக்கு" என்றான். உதடு கோணியது. முப்பத்தாறு வயசு ஆம்பளை, அடிக்குப் பயந்த பிள்ளை மாதிரி இவளை அண்ணாந்து பார்த்தான். தரையைப் பார்க்கவில்லை, இவளைப் பார்த்தான். வினோதினி பஸ்ஸில் சேர்த்துவைத்த கோபத்தைத் தேடினாள். இருந்தது, இல்லாமல் இல்லை, ஆனால் அதை எடுத்து அந்த முகத்தின் மேல் போட அவளால் முடியவில்லை. ஐயோ, இந்த மனுஷன் உடைந்துவிடுவானே, நாளைக்குப் படித்துறையில் எள்ளும் தண்ணீரும் எப்படி விடுவான் என்று பதறிவிட்டாள்.

"இல்லீங்க, இன்னும் முடிவு பண்ணலை" என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. "புதுசுலதான் ஏதோ தப்பு இருக்கும். அஸ்வந்த் திரும்பப் பாக்கறேன்னான். ரவுண்டிங் பண்றப்ப அப்பிடி இப்பிடி வரும்."

"அதானே!" என்றான் நவநீதன். ஒரு விநாடிகூட ஆகவில்லை. இவள் வாய் மூடுவதற்குள் சொன்னான். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது, எழுந்து நின்றான். "நானும் அதான் நெனச்சேன். எத்தன பேரு பாத்த ஜாதகம், தப்பா இருக்குமா? புதுசா எழுதறதுலதான் கோளாறு வரும்." துணியை உதறி மறுபடியும் படத்தைத் துடைக்க ஏறினான். "அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிட்டு இருக்காத" என்றான் மேலேயிருந்து. பிறகு, "எலயப் பிரிச்சு வெய்யி, கிழிஞ்சிருக்கான்னு பாக்கலாம்" என்றான்.

வினோதினி சமையல்கட்டு நிலைப்படி வரைக்கும் போய், உள்ளே கால் வைக்காமல், அங்கேயே தரையில் உட்கார்ந்து நாரை அவிழ்த்தாள். இலை ஒன்றுகூடக் கிழியவில்லை.